ரத்ததான முகாம்: தன்னார்வலர் குழுவை முதல்முறையாக வழிநடத்துபவர்களுக்கு

ஊரில் நற்பணி மன்றமோ குடியிருப்போர் நலச் சங்கமோ கூடிப் பேசி, "இந்த வருஷம் ரத்ததான முகாம் வைக்கலாம், நீங்களே முன்னின்று நடத்துங்க" என்று பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவர், செவிலியர், ஊசி, ரத்தப் பை எல்லாவற்றையும் ரத்த வங்கியே கொண்டுவந்துவிடும். வாசலில் வரவேற்பது, படிவம் நிரப்ப உதவுவது, வரிசையைப் பார்த்துக்கொள்வது, கொடுத்து முடித்தவரை உட்காரவைத்துப் பழச்சாறு தருவது, கடைசியில் நாற்காலியை மடக்கி வைப்பது என்று மீதி அத்தனையும் உங்கள் ஆட்களின் வேலை. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, நீங்கள் அவர்களுக்கு மேலதிகாரியும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் மதியமே வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிப்பட்டவர்களை ஒரு நாள் முழுக்க மலர்ந்த முகத்தோடு வேலை செய்ய வைப்பதும், அடுத்த முகாமுக்கும் வரவைப்பதும் எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. சுமார் 60 பேர் ரத்தம் கொடுக்கும் ஒரு முகாமை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ரத்த வங்கியைக் கேளுங்கள்

ஆள் சேர்ப்பதற்கு முன்பே உரிமம் பெற்ற ஒரு ரத்த வங்கியிடம் பேசிவிடுங்கள். அரசு மருத்துவமனை ரத்த வங்கியாக இருந்தால் நல்லது. "எத்தனை யூனிட் (ஒருவர் கொடுக்கும் ஒரு பை ரத்தம்) வேண்டும், எந்த மாதம் தட்டுப்பாடு" என்ற இரண்டு கேள்வியும் முக்கியம். எடுத்த ரத்தத்தை நெடுநாள் சேமித்து வைக்க முடியாது. சிவப்பணுக்களைச் சுமார் 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும். அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள், ஜூன் 14 உலக ரத்ததானம் செய்வோர் நாள் என்பதால் அந்த நாள்களை ஒட்டி நிறைய முகாம்கள் நடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடுவதால் ரத்த வங்கிகள் திண்டாடும். கல்லூரி மாணவர்களைத் தாண்டி ஊர் மக்களைத் திரட்ட முடிந்த ஒரு குழு மே மாதத்தில் நடத்தும் முகாமுக்குத் தனி மதிப்பு உண்டு. வெயிலுக்குப் பயந்து காலை 8 மணிக்கே தொடங்கிவிடலாம்.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியை ஒருமுறை புரட்டுங்கள். பெரிய முகூர்த்த நாளில் பாதி ஊர் கல்யாண மண்டபத்தில் இருக்கும். ரமலான் மாதத்திலும், ஆடிச் செவ்வாய், வெள்ளியிலும் நோன்பு, விரதம் இருப்பவர்கள் அதிகம். வெறும் வயிற்றோடு யாரும் ரத்தம் கொடுக்கக் கூடாது.

எண்ணிக்கைக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் கட்டிலில் படுத்து, கொடுத்து, எழுந்து போகச் சுமார் 20 நிமிடம் என்று வைத்தால், 5 கட்டிலில் மணிக்கு 15 பேர். நான்கு மணி நேரத்தில் 60 பேர். இந்த அளவுக்கு ஒரு நேரத்தில் 10 தன்னார்வலர் போதும். இரண்டு ஷிப்டாகப் பிரித்தால் 20 பேர். கடைசி நேரத்தில் காய்ச்சல், உறவினர் வீட்டு விசேஷம் என்று சிலர் வர முடியாமல் போகும். அதனால் 24 பேரிடம் சொல்லி வையுங்கள். 50 பேரைச் சேர்க்க வேண்டாம். வேலையில்லாமல் நிற்கும் தன்னார்வலர் அடுத்த முறை வரமாட்டார்.

ஒவ்வொருவராகக் கேளுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் "ஆர்வமுள்ளவர்கள் வரவும்" என்று போட்டால் கட்டைவிரல் அடையாளம் நிறைய விழும், ஆள் வராது. நேரில் பாருங்கள், இல்லையென்றால் போன் செய்யுங்கள். கேட்கும்போது வேலையையும் நேரத்தையும் சேர்த்தே கேளுங்கள். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரையிலிருந்து பதினொன்றரை வரைக்கும் பதிவு மேசையில உட்கார முடியுமா? உங்க கையெழுத்து நல்லா இருக்கும்" என்று கேட்டால் பதில் உடனே வரும். எதற்காகத் தன்னைக் கேட்கிறார்கள் என்பதும் எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "நாள் முழுக்க கூட இருங்க" என்று கேட்டால் நல்ல மனிதர்கள்கூடத் தயங்குவார்கள்.

யாரைக் கேட்பது? இளைஞர்கள் மட்டும் போதாது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் பதிவு மேசைக்குப் பொருத்தமானவர். ஊரில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும், பொறுமையாகவும் பேசுவார். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவரிடம் செலவுக் கணக்கைக் கொடுங்கள். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் இருந்தால், கொடுத்த பிறகு தலை லேசாகச் சுற்றுகிறது என்பவரை வீட்டில் விட உதவுவார். பக்கத்தில் கல்லூரி இருந்தால் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், செஞ்சுருள் சங்க (எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான கல்லூரிச் சங்கம்) மாணவர்கள் வருவார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். ஆகவே அவர்கள் உங்கள் முகாமில் செலவழித்த நேரத்தைக் குறித்து, திட்ட அலுவலருக்கு அந்த வாரமே கடிதம் கொடுத்துவிடுங்கள். மாணவர்கள் அதற்காக உங்கள் பின்னால் அலையும்படி விடக் கூடாது.

பெண்களை அழைத்துச் சிற்றுண்டி மேசையில் மட்டும் நிறுத்தும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை மாற்றுங்கள். பதிவு, வரிசை, பணக் கணக்கு, மைக் எல்லாவற்றிலும் அவர்கள் இருக்கட்டும். பதிவு மேசையில் ஒரு பெண் இருந்தால் ரத்தம் கொடுக்க வரும் பெண்களுக்குப் பேசச் சங்கடம் இருக்காது. பள்ளிக்கூடத்தில் முகாம் என்றால் கழிப்பறைச் சாவியை முந்தின நாளே வாங்கி, தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

யாருக்கு என்ன வேலை

ஒரு ஷிப்டின் 10 பேரை இப்படி நிறுத்தலாம்: வாசலில் ஒருவர், பதிவு மேசையில் மூன்று பேர், டோக்கனும் வரிசையும் பார்க்க ஒருவர், கட்டிலிலிருந்து எழுபவரைக் கைப்பிடித்து ஓய்வு இடத்துக்கு அழைத்துவர இரண்டு பேர், ஓய்வு இடத்தில் இரண்டு பேர், சான்றிதழுக்கு ஒருவர். கூட்டம் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்தில் பதிவு மேசையில்தான் தேங்கும். கெட்டிக்காரர்களைத் தொடக்கத்தில் அங்கே வையுங்கள், பிறகு ஓய்வு இடத்துக்கு மாற்றலாம்.

ஓய்வு இடத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ரத்தம் கொடுத்தவர் குறைந்தது 15 நிமிடமாவது அங்கே உட்கார வேண்டும். "எனக்கு ஒண்ணும் இல்ல, பைக்ல போயிடுவேன்" என்று எழுந்துபோகும் இளைஞரை, மனம் கோணாமல் பேச்சுக் கொடுத்து உட்காரவைக்கும் திறமை வேண்டும். கலகலப்பாகப் பேசுகிறவரை அங்கே போடுங்கள். யாருக்காவது முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ உடனே படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, செவிலியரைக் கூப்பிட வேண்டும். சுற்றிக் கூட்டம் கூடக் கூடாது. இதற்கு மேல் எதுவும் தன்னார்வலர் செய்ய வேண்டாம். ரத்தம் பட்ட பஞ்சையும் தொட வேண்டாம். அதை ரத்த வங்கிப் பணியாளர்களே எடுத்துப் போவார்கள்.

தன்னார்வலர்களே ரத்தம் கொடுக்க ஆசைப்படுவார்கள், கொடுக்கட்டும். ஆனால் கொடுத்த கையோடு மேசை தூக்கப் போகக் கூடாது. தன் ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பிறகு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது நல்லது. இதை ஷிப்ட் பட்டியல் போடும்போதே எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு மட்டும் எந்த மேசையும் வேண்டாம். நீங்கள் பதிவு மேசையில் உட்கார்ந்துவிட்டால், ஓய்வு இடத்தில் பழச்சாறு தீர்ந்துபோனதும் வாசலில் பைக்குகள் வழி மறித்திருப்பதும் உங்களுக்குத் தெரியாது. நடந்துகொண்டே இருங்கள்.

எண்ணிக்கையை வைத்து உற்சாகப்படுத்தாதீர்கள்

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். குழுவைச் சுறுசுறுப்பாக்க எளிய வழி என்று "ஆளுக்கு ஐந்து பேரைக் கூட்டிவர வேண்டும்", "அதிகம் பேரைக் கொண்டுவருபவருக்குப் பரிசு" என்று அறிவிப்பார்கள். வேறு நிகழ்ச்சியில் அதனால் பெரிய கெடுதல் இல்லாமல் இருக்கலாம். ரத்ததான முகாமில் அது நோயாளியின் உயிரோடு விளையாடுவது.

ரத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்விப் படிவம் உண்டு. சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, கடந்த 12 மாதத்தில் பச்சை குத்தினீர்களா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தொடங்கி, அந்தரங்கமான கேள்விகளும் அதில் இருக்கும். எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் கட்டாயமாகப் பரிசோதனை செய்கிறார்கள். இருந்தாலும் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாள்களில் பரிசோதனையில் அது தெரியாமல் போகக்கூடிய ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது, கொடுப்பவர் மனம் திறந்து சொல்லும் உண்மைதான். நண்பனின் கணக்கு குறைந்துவிடக் கூடாதே என்று வந்தவர், முதலாளி சொல்லிவிட்டாரே என்று வந்தவர், பரிசுக்காக வந்தவர் எல்லாருக்கும் உண்மையை மறைக்க ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இந்தியாவில் பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பதை ஒழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்ததற்குப் பின்னாலும் இதே கவலை இருக்கிறது.

சரி, எண்ணிக்கை இல்லாமல் எப்படித்தான் உற்சாகப்படுத்துவது? வேலையின் தரத்தைப் பாராட்டுங்கள். "நீங்க அந்தத் தாத்தாகிட்ட பேசின விதம் நல்லா இருந்துச்சு", "ஒரு படிவத்துலகூடப் போன் நம்பர் தப்பா இல்ல" என்று பார்த்ததைப் பார்த்தபடி, அவர் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். யாருக்காக இதைச் செய்கிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள ஒரு குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமானால் ரத்தம் தேடி ஓட நேரமிருக்காது, அது முன்பே வங்கியில் இருந்தாக வேண்டும். ரத்த வங்கி மருத்துவரையோ ஆலோசகரையோ முந்தின நாள் கூட்டத்துக்கு அழைத்து, பத்து நிமிடம் இதைப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் பேசுவதைவிட அவர் பேசினால் மனதில் நிற்கும்.

முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம்

எல்லாரையும் முகாம் நடக்கும் இடத்துக்கே வரவையுங்கள். ஒருவரை ரத்தம் கொடுப்பவராக நடிக்கச் சொல்லி, வாசலிலிருந்து சான்றிதழ் வாங்கும் வரை நடக்கவிடுங்கள். எந்தக் கதவு குறுகல், எங்கே மின்விசிறி இல்லை, வரிசை எங்கே வெயிலில் நிற்கும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அவர்கள் சொல்லும் மாற்றத்தில் இரண்டையாவது அங்கேயே செய்துவிடுங்கள். தான் சொன்னது நடந்தது என்றால் அந்த முகாம் அவருடையதாகிவிடும்.

பதிவு மேசையில் இருப்பவர்களுக்குச் சில அடிப்படை விவரங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். வயது 18 முதல் 65 வரை. எடை குறைந்தது 45 கிலோ. ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் முன்பு கொடுத்து 3 மாதமும், பெண்கள் 4 மாதமும் ஆகியிருக்க வேண்டும். சாப்பிட்டிருக்க வேண்டும், கடந்த 24 மணி நேரத்தில் மது குடித்திருக்கக் கூடாது. இதற்கு மேல் யார் கேட்டாலும் "டாக்டர் சொல்வார்" என்பதே பதில். முதல்முறை கொடுப்பவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் விஷயத்தில் தன்னார்வலர்கள் தாங்களாக முடிவு சொல்லவே கூடாது.

அடுத்தவர் படிவத்தைப் படிக்கக் கூடாது என்பதையும் அன்றே கண்டிப்பாகச் சொல்லுங்கள். சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெயர், முகவரி, போன் எண் வரை உதவலாம். உடல்நலக் கேள்விகளை அவரே நிரப்பட்டும். எழுதத் தெரியாதவர் என்றால் ரத்த வங்கி ஆலோசகர் தனியாக உட்கார்ந்து கேட்டு நிரப்பட்டும்.

முகாம் நாள்

தன்னார்வலர்கள் வந்ததும் முதலில் டிபன். பசியோடு இருப்பவர் வரிசையில் நிற்பவரிடம் சிடுசிடுப்பார். இரண்டாவது ஷிப்ட் வந்தவுடன் முதல் ஷிப்டை நீங்களே போய் எழுப்பி அனுப்புங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்" என்பார்கள். இருக்கட்டும், ஆனால் மேசையை விட்டுவிட வேண்டும். சொன்ன நேரத்தில் விடுவிப்பவர் என்ற பெயர் உங்களுக்கு வந்தால் அடுத்த முகாமுக்கு ஆள் தேட வேண்டியிருக்காது.

யாராவது தவறு செய்தால் கூட்டத்தின் நடுவில் சொல்லாதீர்கள். தேநீர் கொடுக்கும் சாக்கில் தனியே அழைத்துச் சொல்லுங்கள். இரண்டு பேருக்குள் உரசல் என்றால் சமாதானம் பேச அன்றைக்கு நேரமில்லை, இடத்தை மாற்றி விடுங்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

முக்கியஸ்தர்கள் வருவார்கள். பொன்னாடை, புகைப்படம், நான்கு வார்த்தை பேச்சு எல்லாம் நடக்கும். அந்த நேரத்தில் கட்டில்களும் பதிவு மேசையும் நிற்கக் கூடாது. விருந்தினரை வரவேற்று, சுற்றிக் காட்டி, வழியனுப்ப ஒரே ஒரு பெரியவரை நியமித்துவிடுங்கள். அவருக்கு அன்று வேறு வேலை கிடையாது. பேனரில் யார் படம் பெரிது என்ற சண்டையைத் தவிர்க்க, யார் படமும் போடாமல் நாளும் இடமும் நேரமும் மட்டும் போடுவதே என் சிபாரிசு.

திருப்பி அனுப்பப்படுபவர்களை எப்படி நடத்துகிறீர்கள் என்பதில்தான் குழுவின் தரம் தெரியும். வருபவர்களில் சிலரை மருத்துவர் இன்று வேண்டாம் என்பார். ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதால் பெண்கள் பலருக்கு இப்படி நேரும். ஆசையாக வந்தவர் வாடிய முகத்தோடு வெளியே வரும்போது "ஏன், என்னாச்சு, எடுக்கலையா?" என்று நான்கு பேர் கேட்டால், அவர் மறுபடி எந்த முகாமுக்கும் வரமாட்டார். காரணத்தை யாரும் கேட்கவே கூடாது. ரத்தம் கொடுத்தவருக்குத் தரும் அதே பழச்சாறும் பிஸ்கட்டும் அவருக்கும் தர வேண்டும். "வந்ததுக்கு ரொம்ப நன்றி, உட்காருங்க" என்று சொல்வதற்கென்றே ஒருவரை அந்தக் கதவருகில் நிறுத்துங்கள். எப்படியாவது உதவ விரும்புகிறேன் என்று அவரே சொன்னால், அன்றே ஒரு வேலை கொடுத்துக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் நெருங்கும்போது கூட்டம் குறையும், குழுவின் உற்சாகமும் கூடவே இறங்கும். அப்போது தெருவில் போகிறவர்களை இழுத்து வரச் சொல்லாதீர்கள். பெயர் கொடுத்துவிட்டு இன்னும் வராதவர்களுக்கு ஒரே ஒரு முறை போன் செய்து நினைவூட்டலாம். ரத்த வங்கி கேட்ட 60 வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். மீதி வருபவர்களின் பெயர், ரத்த வகை, போன் எண்ணை அவர்கள் சம்மதத்தோடு எழுதி வாங்கினால், அவசரத்துக்கு அழைக்க ஒரு பட்டியல் கிடைக்கும்.

முடிந்த பிறகு

அன்று மாலையே செலவுக் கணக்கை ரசீதுகளின் படத்தோடு குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். பிஸ்கட்டுக்கும் பழச்சாறுக்கும் வசூலித்த சின்னத் தொகைதான் என்றாலும், கணக்கு தாமதமானால் பேச்சு கிளம்பும். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லுங்கள். கடைசிவரை இருந்து வகுப்பறையைக் கூட்டியவரை முதலில் கூப்பிடுங்கள். புகைப்படங்களில் அவர் இருக்க மாட்டார்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து ரத்த வங்கியிடம் அந்த 60 யூனிட் என்ன ஆனது என்று கேளுங்கள். நோயாளிகளின் விவரம் தரமாட்டார்கள், கேட்கவும் கூடாது. சிவப்பணு, தட்டணு என்று பாகங்களாகப் பிரித்தார்களா, எவ்வளவு பயன்பட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே குழுவுக்குச் சொல்லுங்கள். கேடயம், சான்றிதழ் எல்லாவற்றையும்விட இந்தத் தகவலுக்காகத்தான் பலர் காத்திருப்பார்கள். பரிசோதனையில் யாருக்காவது ஏதாவது தெரியவந்தால் ரத்த வங்கியே அவரை நேரடியாக, ரகசியமாக அழைக்கும். அதில் உங்களுக்கும் குழுவுக்கும் எந்தப் பங்கும் இல்லை.

அதே வாரத்தில் அரை மணி நேரம் கூடி, எது சரியாக வரவில்லை என்று எல்லாரையும் சொல்லவிட்டு, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அடுத்த முகாமை நடத்தப்போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் இந்த முறை நன்றாக வேலை செய்த இளையவர் ஒருவராக இருக்கட்டும், நீங்கள் அவருக்குப் பக்கத்தில் இருங்கள். நாள் குறிக்கும்போது 4 மாதம் இடைவெளி விடச் சொல்லுங்கள். 3 மாதத்தில் வைத்தால் இந்த முறை கொடுத்த பெண்கள் யாரும் கொடுக்க முடியாது.